வெறும் வயிறு என்பது பாதிச் செய்திதான்

புறநோயாளிகள் பிரிவில் எங்கள் முன் வந்தமர்ந்த அம்மையாருக்கு வயது 58. உடன் வந்த மகள் ஒரு துணிப்பையிலிருந்து பழைய மருந்துச்சீட்டுகளை எடுத்து மேசைமீது வரிசையாக அடுக்கினார். ஒன்றரை ஆண்டாக நெஞ்செரிச்சல். உண்டபின் புளித்த நீர் தொண்டைவரை எதுக்களித்து வருகிறது. இரவில் இரண்டு தலையணை வைத்துக்கொள்ளாமல் படுக்க முடிவதில்லை. முதலில் நாளொன்றுக்கு ஒரு பான்டோப்ரசோல் 40 மில்லிகிராம் மாத்திரை கொடுக்கப்பட்டது. பயன் போதவில்லை என்று அது காலை ஒன்று, இரவு ஒன்று என இரண்டாயிற்று. இசிஜி எடுத்தாயிற்று, எண்டோஸ்கோபியும் பார்த்தாயிற்று. உணவுக்குழாயின் அடிப்பகுதி சற்றுச் சிவந்திருந்ததைத் தவிர வேறு குறை எதுவும் தென்படவில்லை. இனி அறுவைச் சிகிச்சைதானா என்று கேட்கவே அவர்கள் வந்திருந்தார்கள்.

"மாத்திரையை எத்தனை மணிக்குப் போடுவீங்கம்மா?" என்று கேட்டோம்.

"நாலரைக்கு எழுந்திரிப்பேன் டாக்டர். பல் விளக்கினதும் முதல் வேலை அதுதான். வெறும் வயித்துல போடணும்னு சொன்னாங்களே."

"அப்புறம் எப்போ சாப்பிடுவீங்க?"

அம்மையார் மகளைப் பார்த்தார். மகள்தான் விடை சொன்னார். "எல்லாரும் வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் கிளம்பின பிறகுதான் டாக்டர். பத்தரை ஆயிடும். நடுவுல ஒரு காபி குடிப்பாங்க, அவ்வளவுதான்."

இரவு மாத்திரையைப் பற்றியும் கேட்டோம். உணவு முடித்து, பாத்திரங்களைத் துலக்கிவிட்டு, படுக்கப்போகும் வேளையில் அதை விழுங்குவாராம்.

ஒன்றரை ஆண்டில் ஒரு வேளையைக்கூட அவர் தவறவிட்டதில்லை. சொன்னதைச் சொன்னபடி செய்திருக்கிறார். குறை அவரிடம் இல்லை, சொன்ன எங்களிடம்தான். "உணவுக்கு முன்" என்று மாத்திரை உறைமீது எழுதித் தருகிறோம். எவ்வளவு நேரம் முன் என்பதை எழுதுவதில்லை. இந்த மாத்திரைக்கு வயிறு வெறுமையாக இருந்தால் மட்டும் போதாது, விழுங்கிய அரை மணி முதல் ஒரு மணி நேரத்திற்குள் உணவும் வந்து சேரவேண்டும். இந்தப் பிற்பாதிச் செய்தி பெரும்பாலான வீடுகளுக்குப் போய்ச் சேர்வதேயில்லை.

காரணம் இந்த மருந்து வேலை செய்யும் முறையில் இருக்கிறது. அது விந்தையானது. ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறோம்.

நம் இரைப்பையின் உட்சுவரில் அமிலம் சுரக்கும் செல்கள் உள்ளன. அவற்றில் அமிலத்தை இறைக்கும் நுண்ணிய பம்புகள் இருக்கின்றன. புரோட்டான் பம்பு என்பது அவற்றின் பெயர். உணவில்லாத நேரத்தில் பெரும்பாலான பம்புகள் செல்லுக்குள்ளேயே சுருண்டு உறங்கிக்கிடக்கும். உணவு வந்ததும், சில வேளைகளில் உணவின் மணம் வந்ததுமே, நரம்பு வழியாகவும் காஸ்ட்ரின் என்னும் சுரப்புநீர் வழியாகவும் செல்லுக்கு அழைப்பு போகிறது. உறங்கிய பம்புகள் எழுந்து செல்லின் விளிம்புக்கு நகர்ந்து அமிலத்தை இறைக்கத் தொடங்குகின்றன. இரவு முழுவதும் உணவின்றி இருந்தபின் காலையில் முதன்முதலாக உண்ணும்போதுதான் இவ்வாறு எழுந்துவரும் பம்புகளின் எண்ணிக்கை மிகுதி.

ஒமெப்ரசோல், பான்டோப்ரசோல், ரேபிப்ரசோல், எசோமெப்ரசோல், லான்சோப்ரசோல் என்று 'ப்ரசோல்' என முடியும் மாத்திரைகள் இந்தப் பம்புகளை அடைப்பவை. இவற்றுள் மூத்தது ஒமெப்ரசோல். சுவீடன் நாட்டு ஆய்வுக்கூடம் ஒன்றில் 1979ஆம் ஆண்டு உருவாக்கப்பட்டு 1988இல் விற்பனைக்கு வந்தது. அதற்குமுன் வயிற்றுப்புண்ணுக்காக அறுவைச் சிகிச்சைக் கூடத்திற்குச் சென்றவர் எண்ணிக்கை மிகப் பெரிது. இளைய மருத்துவர்கள் அந்த அறுவைச் சிகிச்சைகளை இன்று பாடநூலில்தான் அதிகம் காண்கிறார்கள்.

இந்த மருந்துகள் இரைப்பைக்குள் இறங்கியதும் அங்கேயே வேலையைத் தொடங்குவதாகப் பலர் எண்ணுகிறார்கள். அவ்வாறு இல்லை. இரைப்பையின் அமிலம் நேரடியாகப் பட்டால் இம்மருந்து சிதைந்துவிடும். அதனால்தான் மாத்திரைமீது அமிலம் துளைக்காத உறையிட்டிருக்கிறார்கள். கேப்சூலாக இருந்தால் உள்ளிருக்கும் சிறு மணிகள் ஒவ்வொன்றுக்கும் அந்த உறை உண்டு. மாத்திரை இரைப்பையைக் கடந்து சிறுகுடலை அடைந்தபிறகே உறை கரைகிறது. மருந்து இரத்தத்தில் கலந்து, உடலைச் சுற்றி, இரத்தத்தின் வழியே அதே இரைப்பைச் சுவருக்குப் பின்வாசல் வழியாக வந்து சேர்கிறது. அங்கே அமிலம் இறைத்துக்கொண்டிருக்கும் பம்பின் அருகே சென்று தேங்கி, அந்த அமிலத்தாலேயே வடிவம் மாறி, பம்பை இறுகப் பற்றிக்கொள்கிறது. பற்றிய பிடி விடாது. செல் புதிய பம்பு ஒன்றை உருவாக்கும்வரை அந்தப் பம்பு செயலற்றதுதான்.

எனவே ஓடாத பம்பை இந்த மருந்தால் அடைக்க இயலாது. அமிலம் சுரக்கும் இடத்தில்தான் அது மருந்தாகவே மாறுகிறது. உறங்கும் பம்புகளை அது கடந்து போய்விடும்.

மேலும், மருந்து இரத்தத்தில் தங்கும் நேரம் மிகக் குறைவு. பான்டோப்ரசோல் மாத்திரையை விழுங்கி ஏறத்தாழ இரண்டரை மணி நேரத்தில் இரத்தத்தில் அதன் அளவு உச்சத்தை எட்டுகிறது. பின்னர் ஏறக்குறைய மணிக்கொருமுறை பாதியாகக் குறைகிறது. நம் அம்மையாரின் கணக்கைப் பாருங்கள். நாலரைக்கு விழுங்கிய மாத்திரை ஏழு மணிக்கு உச்சம் தொடும். எட்டுக்குப் பாதி, ஒன்பதுக்குக் கால், பத்துக்கு அரைக்கால். பத்தரைக்கு அவர் இட்லியைப் பிட்டு வாயில் வைக்கும்போது, பம்புகள் கூட்டமாக எழுந்து வருகின்றன. அவற்றை அடைக்கவேண்டிய மருந்தோ எட்டில் ஒரு பங்குகூட மிச்சமில்லை. இடையில் குடித்த காபி சில பம்புகளை எழுப்பியிருக்கும். அந்த அளவுக்கு மாத்திரை பயன்பட்டிருக்கும். முற்றிலும் வீண் என்று சொல்வதற்கில்லை. ஆனால் முழுப் பயன் கிட்டவில்லை.

சரி, உணவோடு சேர்த்தோ உண்டபிறகோ விழுங்கினால் என்ன என்று கேட்கலாம். அப்போது வேறொரு சிக்கல் எழுகிறது. வயிறு நிறைந்திருந்தால் மாத்திரை சிறுகுடலுக்குப் போவது தாமதமாகும். சில மருந்துகளில் உறிஞ்சப்படும் அளவே சரிந்துவிடும். எசோமெப்ரசோலை உணவுக்குப்பின் உட்கொண்டால், வெறும் வயிற்றில் உட்கொள்வதைவிட 43 முதல் 53 விழுக்காடுவரை குறைவாகவே இரத்தத்தில் சேர்கிறது. லான்சோப்ரசோலை உணவு முடிந்து அரை மணி கழித்து விழுங்கினால் இழப்பு 50 முதல் 70 விழுக்காடு. ஒரு மாத்திரைக்குப் பணம் கொடுத்து அரை மாத்திரையை உட்கொள்வது போலத்தான்.

பான்டோப்ரசோலும் ரேபிப்ரசோலும் இவ்வகையில் சற்று மாறுபட்டவை. உணவினால் அவை உறிஞ்சப்படும் மொத்த அளவு குறைவதில்லை. அதனால் மாத்திரைப் பெட்டிக்குள் இருக்கும் தாளில் உணவுடனோ உணவின்றியோ உட்கொள்ளலாம் என்று அச்சிட்டிருப்பதை வாசகர் சிலர் கண்டிருக்கக்கூடும். அது பொய்யன்று. ஆனால் அளவு குறையாவிட்டாலும் நேரம் தள்ளிப்போகிறது. உணவோடு எடுத்த பான்டோப்ரசோல் உறிஞ்சப்படுவது இரண்டு மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாகலாம். கொழுப்பு மிகுந்த உணவோடு ரேபிப்ரசோல் எடுத்தால் நான்கு மணி நேரம்கூட ஆகலாம். அதற்குள் அந்த வேளை உணவுக்கான அமிலம் பெரும்பாலும் சுரந்து முடிந்திருக்கும். அமெரிக்க இரைப்பைக் குடலியல் கல்லூரி 2022இல் வெளியிட்ட வழிகாட்டுதலும், எதுக்களிப்பு நோய்க்கு இவ்வகை மாத்திரைகளைப் படுக்கைக்குப் போகும்போது அல்லாமல் உணவுக்கு 30 முதல் 60 நிமிடங்களுக்கு முன் எடுக்கவேண்டும் என்றே கூறுகிறது. டெக்ஸ்லான்சோப்ரசோல் மட்டும் இதற்கு விலக்கு. இரண்டு கட்டமாகக் கரையும்படி அது செய்யப்பட்டிருப்பதால் உணவு நேரத்தைப் பார்க்கவேண்டியதில்லை.

இந்தத் தவறு நம் ஊருக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் மாத்திரை உட்கொண்டும் நெஞ்செரிச்சல் அடங்காத 100 நோயாளிகளிடம் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், 54 பேர் தவறான நேரத்தில் மாத்திரை எடுத்துவந்தது தெரியவந்தது. வெகுநேரம் முன்பே விழுங்கியவர்களும் அவர்களுள் இருந்தனர், உணவுக்குப் பின்பும் படுக்கும் முன்பும் விழுங்கியவர்களும் இருந்தனர்.

காலையில் ஒரு மாத்திரை மட்டும் எனில், உங்கள் காலை உணவு எத்தனை மணிக்கோ அதிலிருந்து அரை மணி முதல் முக்கால் மணி நேரம் பின்னோக்கி எண்ணிக்கொள்ளுங்கள். எட்டரைக்கு உண்பவருக்கு ஏழே முக்கால். பத்துக்கு உண்பவருக்கு ஒன்பதேகால். கண் விழித்த நேரம் கணக்கில் வராது. விடியற்காலையில் ஒரு குவளை காபி குடித்துவிட்டேனே, இனி வயிறு வெறும் வயிறாகுமா என்று கவலைப்படுவோர் உண்டு. மூன்று, நான்கு மணி நேரத்திற்கு முன் குடித்த காபி தடையாகாது. ஆனால் காபியையே உணவாகக் கருதி, மாத்திரைக்குப்பின் அதை மட்டும் அருந்திவிட்டு நண்பகல்வரை வெறும் வயிற்றோடு இருப்பது சரியன்று.

இரண்டு வேளை எனில் இரண்டாவது மாத்திரையின் இடம் இரவு உணவுக்கு அரை மணி முன்பு. படுக்கையருகே தண்ணீர்ச் சொம்புடன் வைக்கும் வழக்கத்தை விட்டுவிடலாம். இரவுப் பணி செய்வோருக்குக் காலை, மாலை என்ற கணக்கே பொருந்தாது. நெடுநேர உறக்கத்திற்குப்பின் முதலில் எந்த வேளை உணவை உண்கிறீர்களோ அதற்கு முன் எடுங்கள். ரமலான் நோன்பிருப்போர் சஹர் உணவுக்கு அரை மணி முன்னதாக எழுந்து மாத்திரையை உட்கொள்ளலாம். இரண்டு வேளை எடுப்பவர்கள் நோன்பு தொடங்குமுன்பே மருத்துவரிடம் கேட்டு நேரத்தை அமைத்துக்கொள்ளவேண்டும்.

நீரிழிவு உள்ளோருக்கு ஒரு முக்கியமான சொல். இன்சுலின் போட்டுக்கொள்பவர்களும் சர்க்கரை மாத்திரை உட்கொள்பவர்களும் வயிற்று மாத்திரைக்காகக் காலை உணவைத் தள்ளிப்போடக்கூடாது. சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். உணவு நேரம் அப்படியே இருக்கட்டும், வயிற்று மாத்திரையை முன்னால் நகர்த்துங்கள். அதை மறந்துவிட்டு உணவின்முன் அமர்ந்துவிட்டீர்களா? உண்ணுங்கள். அடுத்த வேளை உணவுக்கு அரை மணி முன் எடுத்துக்கொள்ளலாம். மறந்ததற்காக இரண்டாகச் சேர்த்து விழுங்கவேண்டாம்.

விழுங்க முடியாத முதியவர்களுக்காக மாத்திரையை நசுக்கிக் கஞ்சியில் கரைத்துக் கொடுப்பதை வார்டில் பலமுறை கண்டிருக்கிறோம். அன்பினால் செய்வதுதான், ஆனால் நசுக்கினால் அமிலம் துளைக்காத உறை உடைந்து மருந்து இரைப்பையிலேயே பாழாகிறது. இத்தகையோருக்கென வேறு வடிவில் மருந்துகள் உள்ளன. செவிலியரிடமோ மருந்தாளுநரிடமோ கேளுங்கள்.

வீட்டில் எல்லா வயிற்று மருந்துகளுக்கும் 'கேஸ் மாத்திரை' என்று ஒரே பெயர் வைத்திருக்கிறோம். இதனாலும் குழப்பம். மேற்சொன்ன விதி பம்பை அடைக்கும் மாத்திரைகளுக்கு மட்டுமே உரியது. சுரந்துவிட்ட அமிலத்தை முறிக்கும் வெள்ளை, இளஞ்சிவப்பு நிறத் திரவ மருந்துகளுக்கு நேர் எதிரான விதி. வெறும் வயிற்றில் குடித்தால் அவை ஒரு மணி நேரத்திற்குள் இரைப்பையை விட்டு இறங்கிவிடும். உண்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தால் மூன்று மணி நேரம்வரை பயன் தரும். ஃபாமோடிடின், ரானிடிடின் வகை மாத்திரைகளுக்கு உணவு நேரக் கட்டுப்பாடு பெரிதாக இல்லை. ஒரு மணி நேரத்திற்குள் வேலை செய்யத் தொடங்கும். இரவு நேர அமிலத்திற்காகப் படுக்கும்போது கொடுப்பதும் உண்டு. ஆனால் நாள்தோறும் எடுத்தால் விரைவிலேயே உடல் அவற்றுக்குப் பழகி, பயன் குன்றும். ரானிடிடின் 2022இல் இந்தியாவின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. பழைய சீட்டைக் காட்டி அதைக் கேட்டு வாங்குவோர் மருத்துவரிடம் ஒருமுறை கலந்துகொள்வது நல்லது.

தைராய்டு மாத்திரையும் வெறும் வயிற்று மாத்திரையே. அதைக் காலை உணவுக்கு அரை மணி முதல் ஒரு மணி முன்னதாகத் தண்ணீருடன் எடுக்கவேண்டும். அமிலம் முறிக்கும் திரவ மருந்து அதனைப் பிடித்துவைத்துக்கொள்ளும் என்பதால் இரண்டுக்கும் இடையே நான்கு மணி நேரமாவது இருக்கட்டும். பம்பை அடைக்கும் மாத்திரை அவ்வாறு பிடித்துவைப்பதில்லை. ஆனால் இரைப்பையில் அமிலம் குறைந்தால் தைராய்டு மருந்து உறிஞ்சப்படுவதும் குறையலாம். புதிதாக வயிற்று மாத்திரை தொடங்கியவர்கள் சில வாரங்களில் டிஎஸ்எச் பரிசோதனை செய்துகொள்ளவேண்டும். இரும்புச்சத்து மாத்திரைக்கும் இதே தொல்லை உண்டு.

நேரத்தைத் திருத்திய மறுநாளே பயன் தெரியாது. எல்லாப் பம்புகளும் ஒரே வேளையில் எழுவதில்லை, புதியனவும் நாள்தோறும் தோன்றுகின்றன. முழுப் பயனுக்கு 3 முதல் 5 நாட்கள் ஆகும். எரிச்சல் வந்த அன்று மட்டும் ஒன்று போட்டுக்கொண்டு, பலனில்லை என்று சலித்துக்கொள்வோர் இதனை மனத்தில் கொள்ளவேண்டும்.

நேரம் சரியாக இருந்தும் நான்கு முதல் எட்டு வாரங்களில் குறையாவிட்டால் காரணம் வேறாக இருக்கலாம், மருத்துவரைப் பாருங்கள். விழுங்கும்போது உணவு அடைத்தல், காரணமின்றி எடை குறைதல், தார்போல் கறுத்த மலம், இரத்த வாந்தி ஆகியவை இருந்தால் வாரக்கணக்கில் காத்திருக்கவேண்டாம். நெஞ்சில் அழுத்தமும் வியர்வையும் மூச்சுத்திணறலும் சேர்ந்து வந்தால், இடக்கையிலோ தாடையிலோ வலி பரவினால், கேஸ் என்று எண்ணி மாத்திரை போட்டுக்கொண்டு உட்காராதீர்கள். உடனே மருத்துவமனைக்கு வந்து இசிஜி எடுங்கள். அந்த ஒரு மணி நேரத்தை வீட்டில் இழந்துவிட்டு வந்தவர்களை நாங்கள் நிறையப் பார்த்துவிட்டோம்.

இம்மாத்திரையை வாழ்நாள் முழுவதும் விழுங்கவேண்டியதும் எல்லாருக்கும் இல்லை. நீண்ட நாள் எடுப்போருக்கு பி-12 வைட்டமினும் மக்னீசியமும் குறைய வாய்ப்புண்டு. ஆனால் திடீரென நிறுத்தினால் சில வாரங்களுக்கு அமிலம் முன்னிலும் மிகுந்து சுரக்கும். அதை நோயே திரும்பிவிட்டதாக எண்ணி மீண்டும் தொடங்கிவிடுகிறார்கள். மருத்துவரின் சொற்படி படிப்படியாகக் குறைத்தலே வழி. ஆஸ்பிரின் அல்லது இரத்தம் உறையாமைக்கான மருந்து எடுப்பவர்களுக்கு இது இரத்தக்கசிவைத் தடுக்கும் காவலாகக் கொடுக்கப்பட்டிருக்கலாம். அவர்கள் தாமாக நிறுத்தவே கூடாது.

அந்த அம்மையாருக்கு மருந்தின் அளவைக் கூட்டவில்லை, அறுவைச் சிகிச்சைக்கும் அனுப்பவில்லை. நேரத்தை மட்டும் மாற்றலாம் என்றோம். எட்டு மணிக்குக் காலை உணவை முடித்துக்கொள்ளும்படி முதலில் கூறினோம். அவர் சங்கடத்துடன் சிரித்தார். "புள்ளைங்க எல்லாம் சாப்பிடாம ஓடிட்டிருக்கும்போது நான் மட்டும் தட்டைப் போட்டு உட்காரறதா டாக்டர்?"

உணவு நேரத்தை மாற்றச் சொல்வது எளிதன்று என்பது எங்களுக்குப் புரிந்தது. ஒரு வீட்டின் சமையலறை ஒழுங்கையே மாற்றச் சொல்கிறோம். கடைசியில் வழி கண்டுபிடித்தவர் மகள்தான். தமக்கென்று அம்மா ஊற்றிவைக்கும் கடைசி ஈடு இட்லி ஒன்பதரை மணிக்குத்தான் அடுப்பில் ஏறும். அந்தப் பானையை மூடியதும் மாத்திரையை விழுங்குவது, இறக்கி ஆறியதும் பத்து மணிக்கு உண்பது என்று முடிவாயிற்று. இரவு மாத்திரை, குழம்பைச் சூடுபண்ண அடுப்பைப் பற்றவைக்கும் நேரத்திற்கு மாறியது.

ஐந்து வாரங்களுக்குப்பின் அவர் மீண்டும் வந்தபோது நெஞ்செரிச்சல் வாரத்தில் ஒரு நாளாகக் குறைந்திருந்தது. ஒரு தலையணையோடு உறங்குவதாகச் சொன்னார். இரவு மாத்திரையை நிறுத்தினோம். காலை மாத்திரையையும் எப்போது குறைக்கலாம் என்று பார்க்க இரண்டு மாதம் கழித்து வரச்சொல்லியிருக்கிறோம். எங்கள் பிரிவில் இப்போது மாத்திரை உறைமீது "உணவுக்கு முன்" என்று எழுதுமுன் ஒரு கேள்வி கேட்கிறோம். நீங்கள் எத்தனை மணிக்குச் சாப்பிடுவீர்கள்? விடையைக் கேட்டு, அரை மணி கழித்து, அந்த மணியையே எண்ணால் எழுதித் தருகிறோம். கேட்க மறந்துவிட்டால் நீங்களே சொல்லுங்கள்.